நூறு பங்கு

நிம்மதியின் விலை நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். பேரம் கிடையாது என்று வரவேற்பு மேசையிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கொடுத்த காசுக்கு இன்றைக்காவது கொஞ்சம் நிம்மதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று மனநல ஆலோசகர் புவனா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளைப் பலகையில் பெரிய வட்டம். எதிரே மாட்டுத் தரகர் பொங்கியண்ணன். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி சாந்தாமணி. ஆனைமலையிலிருந்து கோவைக்கு பஸ் மாறி வந்திருந்தார்கள்.

மகன் நிதீஷ் ஐப்பசி மழையில் லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்ததிலிருந்து பொங்கியண்ணன் சந்தைக்குப் போவதில்லை. தட்டில் போட்ட சோறு போட்டபடியே கிடக்கிறது. பைக் வாங்கிக் கொடுத்தது நான், அதனால் கொன்றதும் நான். வாரா வாரம் வந்து இதையேதான் சொல்கிறார்.

இந்த மாதிரி நினைப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். பழியை நூறு பங்காகப் பிரிக்க வேண்டும். காரணமாக இருந்த ஒவ்வொன்றுக்கும் அதனதன் பங்கைக் கொடுத்துவிட்டு, கடைசியில் தனக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அந்த மனிதரையே பார்க்க வைக்க வேண்டும். புவனா படித்த படிப்பு அது. பெரும்பாலும் பலித்துவிடும்.

"லாரியில லைட்டே எரியலைன்னு சொன்னீங்க. லாரிக்காரருக்கு ஒரு நாப்பது போடலாங்களாண்ணா?"

"வேண்டாமுங்க அம்மணி. ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அந்த மனுசன் என்னையவிட அழுதானுங்க."

மழைக்கு இருபது என்றாள். மழை வேண்டுமென்று அம்மனுக்குப் பொங்கல் வைத்ததே நான்தான் என்றார்.

ரோட்டுக் குழிக்குப் பதினைந்து என்றாள். குழி அது பாட்டுக்கு அங்கேயேதான் இருந்தது, தினமும் பார்த்துக்கொண்டுதான் போனோம் என்றார்.

ஹெல்மெட் போடாத பையனுக்குப் பத்து என்று வாயெடுத்தாள். அவர் பார்த்த பார்வையில் அந்தப் பத்தை அவளே விழுங்கிக்கொண்டாள்.

பால் வற்றிய மாட்டைக் கறவை மாடு என்று கைமாற்றிவிடக்கூடிய ஆள். பழியில் ஒரு பங்கைக்கூட அடுத்தவர் தலையில் கட்ட மாட்டேன் என்கிறார்.

புவனாவின் அப்பா ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். முதலில் சொன்ன விலையிலேயே கடைசிவரை நிற்கிற மனிதரை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மார்க்கரை ஜன்னல் வழியாக விட்டெறியலாம் போலிருந்தது.

எரிச்சலில்தான் கேட்டாள்.

"சரிங்கண்ணா, அந்த மழையில அவன் எதுக்குக் கிளம்பினான்? அதுக்காச்சும் ஒரு பங்கு வேண்டாமா?"

கேட்டதோடு நிற்காமல் வட்டத்துக்குள் ஒரு கோடு கிழித்து, 'எதற்குப் போனான்' என்று எழுதினாள்.

பொங்கியண்ணன் எழுந்து வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, எழுதியதை அழுத்தித் துடைத்தார்.

"லாரின்னு எழுதுங்க, மழைன்னு எழுதுங்க, நீங்க சொன்ன ரேட்டே போட்டுக்குங்க. இது மட்டும் வேண்டாமுங்க."

முதல்முறையாக இறங்கி வந்திருக்கிறார். ஆனால் துண்டைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

"கொத்துமல்லித்தழை வாங்கப் போனானுங்க," என்றாள் சாந்தாமணி. இத்தனை வாரமும் வாய் திறக்காதவள். "ரசத்துக்கு. நாந்தான் போகச் சொன்னேன்."

புவனாவின் மார்க்கர் அந்தரத்தில் நின்றது.

அவர் ஒரு பங்கைக் கீழே வைத்திருந்தால், அதை எடுத்துக்கொள்ள ஆள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. அதற்காகத்தான் இந்த மனிதர் நூறையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சாந்தாமணி அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மார்க்கர் மை படிந்த துண்டை வாங்கி, அவர் கையையும் தன் கையையும் சேர்த்து மூடினாள்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். தரகர் வீட்டில் இத்தனை காலம் வாழ்ந்தவளுக்கு எந்த விரலுக்கு எவ்வளவு என்று சொல்லித்தரவா வேண்டும்.

துண்டு அசைந்தது. அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

மறுபடியும் அசைந்தது. மறுபடியும் மறுத்தார். அவள் விடுவதாக இல்லை.

நேரம் முடிந்துவிட்டது. வெளியே அடுத்தவர் இருமிக் காட்டினார். பேரத்துக்கு நடுவே வாயைக் கொடுக்கக் கூடாது என்பது கடைக்காரர் மகளுக்குத் தெரியும்.

பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு அம்பதுன்னு போட்டுக்குங்க அம்மணி."

புவனா வட்டத்தின் குறுக்கே கோடு கிழித்தாள். ஒரு பாதியில் அவர் பெயரை எழுதினாள். மறுபாதியையாவது லாரிக்கும் மழைக்கும் குழிக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று கையைத் தூக்கினாள்.

"அதுல ஒண்ணும் எழுத வேண்டாங் கண்ணு," என்றாள் சாந்தாமணி, துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்காமலே. "அது என்ற பங்கு."

ஐம்பதும் ஐம்பதும் நூறு. லாரிக்கும் மழைக்கும் ரோட்டுக் குழிக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.