கோத்தகிரி இறக்கம்

பிரேக் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

மறுபடி மிதித்தான். பெடல் எதிலோ முட்டி நின்றது. வண்டி நிற்கவில்லை.

கொண்டை ஊசி வளைவு வந்துகொண்டிருந்தது. கியரைக் குறைத்தான். எஞ்சின் உறுமியது. கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தபடி திருப்பினான். பின்சக்கரம் கீச்சிட்டது. வளைவு ஒருவழியாகக் கழிந்தது.

பக்கத்தில் பூங்கொடி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னுங் கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. இன்றைக்குத்தானா சிரிக்க வேண்டும்?

மேற்கூரை இல்லாத சிவப்பு வண்டி. இருவர் மட்டும் உட்காரலாம். அவன் பிறப்பதற்கு முன்பே சீமையில் செய்தது. ஒரு கோழிப்பண்ணையில் தீவன மூட்டைகளுக்கு அடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே வாங்கி இழுத்து வந்தான். அதன் பிறகு மூன்று வருடம் ஷெட்டே கதி. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி பூட்டினான். கட்டிய மனைவியின் பிறந்தநாளை மறந்தவன், சீமையிலிருந்து பார்சல் வரவேண்டிய தேதியை ஒருமுறைகூட மறந்ததில்லை.

மூன்று வருடமும் பூங்கொடி தனியாகத்தான் சாப்பிட்டாள். வண்டிக்குச் சக்களத்தி என்று பேர் வைத்தாள். ஒரு நாளும் ஏறி உட்காரவில்லை.

போன வாரம்தான் மனசு இரங்கினாள்.

"ஒரே ஒரு தடவ வர்றனுங்க. வழியில எங்காச்சும் மக்கர் பண்ணுச்சுன்னா, வண்டி வீட்ட விட்டுப் போயிரோணும்."

பானெட்டின் மேல் அடித்துச் சத்தியம் செய்தான். அவ்வளவு நம்பிக்கை.

காலையில் கோத்தகிரியில், பிள்ளையார் கோயில் முன்னால் பூசை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். கண்ணாடிக்கு மாலை. குருக்கள் கொடுத்த தேங்காய் மூடியையும் வாழைப்பழத்தையும் வைக்க வண்டியில் இடமில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அவனே இழைத்துப் போட்ட தேக்குப் பலகை ஒன்று இருந்தது. பூங்கொடிதான் அதில் வைத்தாள்.

"சாமியும் நம்ம கூடவே வரட்டுமுங்க."

பிரேக் முழுக்க அவன் கைவேலை. மெக்கானிக்கைத் தொடவிடவில்லை. எங்கே பிசகினேன்? எந்த ரப்பரைத் திருப்பிப் போட்டேன்?

இப்போது வாயைத் திறந்தால் வண்டி போய்விடும்.

திறக்காவிட்டால்?

அதை அவன் யோசிக்கவில்லை. அடுத்த வளைவையும் சமாளித்துவிடலாம் என்றுதான் யோசித்தான்.

கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் நின்று வழிவிட வேண்டும். இவன் எப்படி நிற்பான்? ஹாரனை அழுத்தியபடி கிடைத்த இடுக்கில் நுழைந்தான். பஸ் டிரைவர் தலையை நீட்டித் திட்டியது பின்னால் தேய்ந்து போயிற்று. பூங்கொடியின் பக்கம் தடுப்புச்சுவர் ஒரு சாண் தள்ளி ஓடியது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் மேகம்.

அவள் கைதட்டினாள்.

அவன் கைபிரேக்கை இன்னும் இறுக்கி இழுத்தான்.

"ஏனுங்க, என்னமோ கருகற வாசம் வருதுங்களே?"

கைபிரேக்தான் கருகிக்கொண்டிருந்தது.

"தேயிலை ஃபேக்டரி," என்றான்.

அவள் நம்பினாள். முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடி, நன்றாக மூச்சை இழுத்தாள்.

இன்னொரு வளைவு. கைபிரேக் இப்போது இழுத்த இழுப்புக்கு வந்தது. பிடிக்கவில்லை.

வாழைப்பழம் எடுக்கப் பலகைக்குக் கை நீட்டினாள் பூங்கொடி.

"தேங்காயக் காணமுங்க."

பொருள் உருளாமல் தடுக்கப் பலகைக்கு அவன் விளிம்பு வைக்கவில்லை. வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று விட்டிருந்தான். அவள் பார்வை பலகையோடு நகர்ந்து அவன் பக்கம் வந்தது. கீழே போயிற்று.

பெடலுக்கு அடியில் தேங்காய் மூடி.

பெடலுக்கு மேல், முழு பலத்தோடு அழுத்தும் அவன் கால்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் குளிர்காற்றில் யாருக்கும் அப்படி வேர்க்காது.

அவள் கத்தவில்லை.

"காலத் தூக்குங்க."

தூக்கினான். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்து, கையை விட்டு, முழங்கை சிராய்க்க மூடியைப் பிடுங்கினாள். அவன் மிதித்தான்.

நின்றது.

இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்காமல், தடுப்புச்சுவருக்கு முன்னால், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி நின்றது.

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பாத்தியா பூங்கொடி! வண்டில ஒரு குத்தமுமில்ல."

மூடி அவள் மடியில் இருந்தது. ஓட்டில் பெடலின் தடம் பதிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வளைவுல இருந்து உங்களுக்குத் தெரியுமுங்க?"

எஞ்சின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு சுத்தமாக அது என்றைக்குமே ஓடியதில்லை.

அவள் மூடியைப் பலகையில் எடுத்த இடத்திலேயே வைத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

மேலேயிருந்து மேட்டுப்பாளையம் பஸ் வந்தது. கை காட்டினாள்.

"வண்டி வீட்லயே இருக்கட்டுமுங்க," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

பஸ் அவளை ஏற்றிக்கொண்டு இறங்கிப் போயிற்று.

அவன் காலை எடுக்கவில்லை. பிரேக் நன்றாகப் பிடித்திருந்தது.