கோட்டை வாசலில் கருநரி

பள்ளி நாட்களில் தன்னைக் கோட்டை வாசலிலேயே வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்த கருநரி என்ற வீரனைப் பழிவாங்கத்தான், கிச்சோல் அந்தப் பழைய கணினி விளையாட்டுக்குத் திரும்பியிருந்தான்.

கருநரி அதே வாசலில் நின்றான். கவசமில்லை, வாளுமில்லை. கிச்சோல் வெட்ட வெட்டச் செத்து விழுந்து, பலம் குறைந்து மறுபடி எழுந்து வந்தான்.

"திருப்பி அடிக்கவே மாட்டேங்கறான்க்கா."

அவன் விளையாட வந்திருந்த பிசி பாங் என்ற கணினி விளையாட்டு மையத்தின் கல்லாவில் இருந்த ஓக்சுன் தன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ நிறுத்தாத தம்பி. உசிரு இன்னும் பாக்கி இருக்கு."

"உங்களுக்கு என்ன கோபம் அவன்மேல?"

"என்னையும் பொண்ணையும் விட்டுட்டு ஓடினானே என் புருஷன், அவன் இந்த விளையாட்டுல ராப்பகலா வளர்த்த ஆளு இது. கவசத்தைக் கழட்டி தினமும் நான்தான் அங்க நிறுத்தறேன்."

"பாஸ்வேர்டு எப்படிக் கிடைச்சுது?"

"பொண்ணோட பிறந்தநாள். அதை அவன் ஞாபகம் வச்சிருந்தது இதுக்கு மட்டும்தான். ம், வெட்டு."