பார்ட் டைம் மேடம்

"பதக்கத்தையே ஃபெயில் போட்டுட்டாங்களாமே பார்ட் டைம் மேடம்!"

முதுகலை உளவியல் வகுப்பு முழுக்க இதே பேச்சு.

'பதக்கம்' என்பது அவனுக்கு நண்பர்கள் வைத்த பெயர். எல்லாப் பாடத்திலும் அவன்தான் முதல். தங்கப் பதக்கம் அவனுக்குத்தான் என்று துறையே நம்பிக்கொண்டிருந்தது.

அவளுக்கும் மாணவர்கள் வைத்த பெயர்தான், பார்ட் டைம் மேடம். பகலில் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர். மாலையில் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர விரிவுரையாளர். ஆசிரியர் அறையில் அவளுக்கென்று மேசை கிடையாது. யார் லீவோ அவர் இடம் அன்றைக்கு அவளுடையது.

"நிரந்தர வேலை கிடைக்காத எரிச்சலை அவன் மேல காட்டிட்டாங்க" என்றான் ஒருவன்.

"பொறாமைப்பா. வாயில நுழையாத தியரியெல்லாம் அவன் தலைகீழா ஒப்பிப்பானே!" என்றாள் இன்னொருத்தி.

அன்று மாலையே துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன மேடம் இது? மத்த எல்லாப் பேப்பர்லயும் தொண்ணூறுக்கு மேல வாங்கியிருக்கான். உங்க செய்முறைத் தேர்வுல மட்டும் ஃபெயிலா?"

"ஆலோசனை கேட்டு வந்தவங்களா நடிக்க ஒரு நாடக நடிகையைக் கூட்டிட்டு வந்திருந்தேன் சார். பேச்சோட பேச்சா அவங்க, 'நான் இல்லாமப் போனா வீட்ல எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க'ன்னு சொன்னாங்க. இவன் காதுலயே வாங்கல. மனச்சோர்வுல எத்தனை வகைன்னு அவங்களுக்கே பாடம் எடுத்துட்டு இருந்தான்."

"நடிப்புதானே மேடம்?"

"நாளைக்கு இவன் முன்னாடி வந்து உட்கார்றவங்க நடிக்க மாட்டாங்க சார்."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்கப்பா ஆட்சிக்குழுவுல இருக்கார். தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆனா பரீட்சை எழுதினது அவர் இல்லையே."

"அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிடறதும் கூப்பிடாததும் என் கையிலதான் இருக்கு. யோசிச்சுப் பண்ணுங்க."

"யோசிச்சுத்தான் போட்டேன் சார். மாத்த மாட்டேன்."

வெளியே வந்தபோது வராந்தாவில் பதக்கம் நின்றிருந்தான். அவளே அவனிடம் போனாள்.

"சனிக்கிழமை சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாப்பா. கூட உட்கார்ந்து சொல்லித் தர்றேன். மறுபடி தேர்வு வைக்கிறேன். உனக்கு அறிவு ஏராளமா இருக்கு. காதுதான் இன்னும் திறக்கல. அதைத் திறந்துடலாம்."

"அதுக்கெல்லாம் எனக்கு ஏது மேடம் நேரம்? நீங்க பார்ட் டைம். நான் ஃபுல் டைம்!"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

வீட்டில் கணவன் கேட்டான்: "ஊரோட ஒத்துப் போயிருக்கலாம் இல்ல? உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"தப்பா மார்க் போட்டுட்டா திருத்திக்கலாங்க. இவனை நம்பி வர்ற ஒரு உசிரு போயிடுச்சுன்னா எதைத் திருத்தறது?"

"சரி, முகத்தைக் கழுவிட்டு வா. சாப்பிடலாம்" என்றான்.

மறுமதிப்பீட்டைத் துறைத்தலைவரே செய்தார். பதக்கம் பாஸ். மேடையில் அவன் தங்கப் பதக்கம் வாங்கியபோது முதல் கைத்தட்டல் அவருடையதுதான். கையோடு பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனை மையத்தில் அவனுக்கு வேலையும் கிடைத்தது.

அவளுக்கு அடுத்த வருடம் அழைப்பு வரவில்லை. நேரில் போய்க் கேட்டாள்.

"தேவைப்பட்டா சொல்லி அனுப்பறோம்" என்றார்கள்.

அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அலைந்து திரிந்து வேறொரு கல்லூரியில் மாலை வகுப்பு பிடித்தாள். அங்கேயும் செய்முறைத் தேர்வுக்கு அதே நாடக நடிகையை அழைத்துப் போனாள். அங்கேயும் சிலர் ஃபெயில். ஆனால் அவர்களில் யாரும் சனிக்கிழமை வகுப்புக்கு வராமல் இருக்கவில்லை.

ஒருநாள் காலை, ஆஸ்பத்திரியில் அவள் அறைக் கதவைத் தயங்கித் தயங்கித் தட்டினார் ஒருவர்.

துறைத்தலைவர். பின்னால் அவர் மகள். அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். தலை நிமிரவே இல்லை.

"மேடம்... என் பொண்ணு. சரியா சாப்பிடறதில்ல. ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. பழசையெல்லாம் மனசுல வச்சுக்காம நீங்கதான்..."

மகளை மெல்ல முன்னால் நகர்த்தினார்.

அவள் எழுந்து வந்து அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"உள்ள வாம்மா. சார், நீங்க வெளியில இருங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறோம்."

பேசிக்கொள்ளவில்லை. வெகுநேரம் அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளும் எதையும் கேட்டுக் குடையவில்லை. அவளுக்காகவே இந்தக் காலைப்பொழுது முழுவதும் இருக்கிறது என்பதுபோல எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அந்தப் பெண்ணே வாய் திறந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் எதையோ தொடங்கினாள்.

"எனக்கே தெரியுது மேடம், யார்கிட்டயாவது பேசணும்னு. எங்க கேம்பஸ்லயே ஆலோசனை மையம் இருக்கு. தங்கப் பதக்கம் வாங்கினவராம், அவர்தான் பார்க்கறாராம். அங்கயே போறேன்னுதான் சொன்னேன். அப்பா பதறிட்டாரு."

"ஏன்மா?"

"'அங்க மட்டும் வேண்டவே வேண்டாம். அவன் பாஸ் ஆனவன் இல்ல, நான் பாஸ் போட்டவன்'னாரு."