ஊரடங்கில் நரி மாலுமி

கலவரத்துக்காகப் போட்ட ஊரடங்கின் இரண்டாம் நாள் பகல். ஜன்னல்களைச் சாத்திய அறையில் டிவியின் நீல வெளிச்சம் மட்டும் அசைகிறது. சின்ன வயதில் ஞாயிறுதோறும் பார்த்த நரி மாலுமித் தொடரின் வீடியோ கேமைப் பரணிலிருந்து இறக்கி, கேசட்டை ஊதிச் செருகியிருக்கிறான் தம்பி ஆஸிம். காலேஜ் படிக்கிறவனுக்கு இது எதற்கென்று யாரும் கேட்கவில்லை. காலையில் டவுன்ஹால் பக்கம் பால் தேடிப் போன அத்தா இன்னும் திரும்பவில்லை. "கண்ணு, சத்தத்தச் சுத்தமாக் கொறச்சுப்போடு," என்கிறாள் அம்மா. ஊமைத் திரையில் நரி தாவுகிறது. எலும்புக்கூட்டின் மேல் விழுந்து சாகிறது. "ஏன்டா, இந்த எலும்புக்கூட்டுக்கு இன்னுமா பயப்படறே?" என்கிறேன். "பட்டன் பழசுக்கா." மறுபடி தாவுகிறது, மறுபடி சாகிறது. தெருவில் ஓடிவரும் காலடிச் சத்தம் எங்கள் வாசலில் நிற்கிறது. "உங்கத்தாவாத்தான் இருக்கும் அம்மணி," என்று எழுகிற அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கிறேன். கதவின் அடியில் தெரிகிற வெயில் கோட்டை மறைத்துக்கொண்டு இரண்டு கால்களின் நிழல். ஆஸிம் டிவியை அணைக்கிறான். "அத்தாவா இருந்தாக் கூப்புடுவாருல்லக்கா?" என்கிறான் மெதுவாக. வெளியே யாரும் கூப்பிடவில்லை.