வாழைத் தோட்டத்துப் பெட்டி

சின்னமனூர்ப் பக்கம் ராக்கம்மாளின் தோட்டத்து மோட்டாரில் ஒரு பெட்டி இருக்கிறது, கண்ணுகளா. போன் போட்டால் மோட்டாரை ஓட்டும், நிறுத்தும். ‘மோட்டார் ஓடுகிறது’, ‘மோட்டார் நின்றது’, ‘கரண்ட் இல்லை’ என்று ஒரு பெண் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். வேறு பேச்சு அதற்குத் தெரியாது.

அவள் புருஷன் ஒச்சாண்டி தேனி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். தோட்டத்தில் குலை தள்ளிய வாழை காய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் தண்ணீரை இறைத்துவிடும். மம்பட்டி பிடித்து மடை திருப்ப ஆளில்லை. ஆனாலும் கட்டிலோரம் உட்கார்ந்து போன் போட்டாள்.

“மோட்டார் ஓடுகிறது.”

“ஓடி என்ன செய்ய? இவுகள விட்டுட்டு நான் எப்படி அங்கன வருவேன்?”

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். “ஏத்தா, மிசினுக்கு என்ன வெளங்கும்?”

“பதில் சொல்லுதுல்லக்கா. எங்க வீட்டுல அதுகூட யாரும் சொல்றதில்ல.”

மறுநாள் தங்கச்சியை ஒச்சாண்டி பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ராக்கம்மாள் தோட்டத்துக்குப் போனாள். கடைசி வாழைவரை நனைந்திருந்தது. ஒவ்வொரு மடையும் வெட்டித் திறந்து, திரும்ப அடைத்திருந்தது. சேற்றில் ஒரு காலடிகூட இல்லை. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாமென்று போன் போட்டாள்.

அதே பெண் குரல்தான் எடுத்தது.

“செத்த பொறு ஆத்தா. கை வலிக்குது.”