புளியிலை வாரும் சேலை

சாலையோரப் பம்புசெட்டுத் தொட்டியில் இன்று வெயில் நேராக விழுகிறது. இத்தனை வருஷம் அதற்குக் குடை பிடித்த புளியமரம், இட ஒதுக்கீடு கேட்டு நடக்கும் சாலை மறியலுக்காக நேற்று வெட்டப்பட்டு, கச்சிராயபாளையம் சாலையின் குறுக்கே கிடக்கிறது. பஸ் சத்தமே இல்லை. குஞ்சம்மாளும் அவள் புருஷன் சுப்புராயனும் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். தண்ணீரில் மிதப்பது மூங்கில் கூடையிலும் மீன்வலையிலும் நழுவிவிடும் பொடிப் புளியிலை. குழாய் வாயை அடைத்துக்கொண்டால் கரும்புக்குத் தண்ணீர் போகாது. எதையெதையோ போட்டுப் பார்த்து, கடைசியில் தோதுப்பட்டது அவளுடைய கல்யாணச் சேலைதான். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, தண்ணீரை அரித்தபடி மெல்ல நடக்கிறார்கள். நைந்த சரிகையில் இலைகளும் இரண்டு பச்சைப் பிஞ்சுகளும் வந்து ஒதுங்குகின்றன. “நம்ம சாதி பசங்கதான் வெட்னாங்க. நமக்காவத்தான வெட்னாங்க. இன்னான்னு போயி கேக்கறது?” என்கிறான் சுப்புராயன். தினமும் மரத்தைத் திட்டிக்கொண்டே இலை வாருகிறவள் இன்று அந்தப் பிஞ்சுகளையே பார்த்தபடி நடக்கிறாள். மூலையில் இன்னும் ஒரு கைப்பிடி இலை மிதக்கிறது. அவன் சேலையை அந்தப் பக்கம் இழுக்கிறான். அவள் தன் முனையைத் தளர்த்துகிறாள். “அது கெடக்கட்டும். நாளைக்கு வார்றதுக்கு வேற இன்னா இருக்குது?”