சதுர அடி அமைதி

அமைதி, சதுர அடி மூவாயிரத்து இருநூறு ரூபாய். வரி தனி.

அதற்கும் ஒருகாலத்தில் பேரம் பேசினார்கள். "கொஞ்சம் சத்தம் உள்ள வந்தாலும் பரவால்ல மேடம், ரவுண்டா மூவாயிரம்னு போடுங்க." விருதுநகர் மிளகாய் மண்டிக்காரர் பெற்ற பிள்ளைகள். சும்மா கிடைக்கிற காற்றுக்கும் கழிவு கேட்கிற குடும்பம்.

இன்று பேரம் இல்லை. அதுதான் இந்த ஸ்டூடியோ அறையை வடிவமைத்த அவளுக்கு அலுப்பாகவும் பயமாகவும் இருந்தது.

அறையின் நடுவில் அவள். இந்தப் பக்கம் அண்ணன் காசிராஜன். அந்தப் பக்கம் தம்பி வெயில்முத்து.

வெளியே சாலிகிராமத்து லாரி, குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி. கதவைச் சாத்தியதும் ஒன்றுமில்லை. மூன்று பேர் மூச்சு மட்டும்.

"மேடம், சினிமாக்காரர்கிட்ட சொல்லுங்க. குறுக்க ஒரு சுவர் வெச்சிரலாம். முன்பாதி எனக்கு" என்றார் அண்ணன்.

"எனக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க மேடம். பின்பாதி போதும்."

இரண்டு ஸ்பீக்கரில் ஒரே குரலை விட்டால், ஸ்பீக்கரே இல்லாத நடு இடத்தில் யாரோ நின்று பாடுவதுபோல் கேட்கும்.

மூன்று மாதமாக அந்த நடு இடம் அவள்தான்.

அண்ணன் பாட்டுக்கு ஒலிக்கலவை செய்பவர். பாட்டுக்கு ஸ்டீரியோ, முன்னால் இரண்டு ஸ்பீக்கர் போதும். தம்பிக்கு சினிமா. சுற்றிலும் ஏழு வேண்டும். அண்ணனுக்குப் பின்சுவர் ஒலியைச் சிதறடிக்க வேண்டும். தம்பிக்கு நாலு சுவரும் ஒரு தாய் பிள்ளைகள்போல ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

ஒரு தாய் பிள்ளைகள் அப்படி நடப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இருவருக்குமாக ஒரே அறை. எட்டு மாத உழைப்பு. பின்சுவரில் கதவுபோலத் திரும்பும் பலகைகள். ஒரு முகம் மரம், மறு முகம் பஞ்சு. தரையில் இரண்டு சாக்பீஸ் குறி. உருளும் நாற்காலியை முன்குறியில் நிறுத்தினால் பாட்டு. பின்குறிக்குத் தள்ளினால் படம். ஒருவர் வேலை பார்த்தால் மற்றவர் வீட்டுக்குப் போவார். அதனால் நாற்காலி ஒன்று போதும் என்று மிச்சம் பிடித்தார்கள்.

பிறகு, தம்பி ஒப்புக்கொண்ட படத்தின் பாட்டெல்லாம் அண்ணனிடம் வராமல் வேறு ஒரு ஸ்டூடியோவுக்குக் கலவைக்குப் போனது. அண்ணனுக்கு அது டீக்கடையில் தெரிந்தது.

"சுவர் வெச்சா ரெண்டும் சதுரப் பெட்டியாயிரும்" என்றாள். "தபேலா அடிச்சா சத்தம் மூலைல போய் மூட்டையா உக்காந்துக்கும். உங்களுக்கும் ஆகாது, அவருக்கும் ஆகாது."

சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்திருந்தது.

"அப்ப ஒருத்தர் வாங்கிக்கிட்டு ஒருத்தர் விலகிக்க வேண்டியதுதான்" என்றார் காசிராஜன், சுவரிடம்.

"விலையைச் சொல்லச் சொல்லுங்க மேடம்."



விலையை வாயால் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. வாயில் வந்த விலை மூன்றாம் ஆளுக்குக் கேட்டுவிடும். மண்டியில் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். பூமி பூசையன்று இதே இடத்தில் பங்கு பேசியதும் அப்படித்தான், சிரித்துக்கொண்டே. ஆளுக்குப் பாதி என்று அவளுக்கு அப்புறம்தான் சொன்னார்கள்.

இன்று யார் தோளிலும் துண்டு இல்லை. இரண்டு பேரும் டி-ஷர்ட்.

பலகைமேல் இழுத்து அடிக்க வாங்கிய துணியில் வெட்டுத்துண்டு ஒன்று கிடந்தது. ஒலியை உள்ளே விடும், மற்றதையெல்லாம் மறைக்கும் துணி. மீட்டர் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். காசிராஜன் அதை எடுத்து வலது கைமேல் போட்டுக்கொண்டார்.

நீட்டினார்.

நடுவில் நின்ற அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

தம்பி கொஞ்சம் யோசித்தார். கையை உள்ளே விட்டார்.

துணி அசைந்தது. தம்பி தலையை ஆட்டினார், இல்லை என்று.

மறுபடி அசைந்தது. மறுபடி இல்லை.

இப்போது தம்பியின் விரல்கள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். காசிராஜன் முகம் சுருங்கியது.

"அடப்பாவி!"

வாய்க்குள்தான் சொன்னார். ஆனால் சதுர அடி மூவாயிரத்து இருநூறு ரூபாய் அறை. எல்லாம் கேட்டது.

மூன்று மாதத்தில் அண்ணன் தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் சொல்.

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. மூக்கோடு அடக்கினார். அதுவும் கேட்டது.

பிறகு துணி அசையவில்லை.

அவள் காத்திருந்தாள். விலை படிந்தால் கையை உருவிக்கொள்வார்கள். படியாவிட்டாலும் உருவிக்கொள்வார்கள்.

உருவவில்லை.

துணிக்கு அடியில் பேரம் ஓய்ந்திருந்தது. கைகள் மட்டும் அங்கேயே இருந்தன.

அவள் தரையைப் பார்த்தாள். அண்ணன் முன்குறி மேல் நின்றிருந்தார். தம்பி பின்குறி மேல். கை எட்டும் தூரம்தான்.

எதையும் யாரிடமும் சொல்லச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று குறுக்குச்சுவர் போட்டு வரைந்து வந்திருந்த படத்தைச் சத்தமில்லாமல் சுருட்டினாள். இந்த அறையில் அது நடக்கிற காரியமா? காகிதம் இடி மாதிரி நொறுங்கியது. இரண்டு பேரும் திரும்பவில்லை.

கால் கடுத்தது. இருந்த ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கணக்குப் பார்த்தாள்.

ஸ்பீக்கர் ஏழு, சரி. குறி இரண்டு, சரி. ஆள் இரண்டு.

நாற்காலி மட்டும் ஒன்று குறைகிறது.